மருமகன் பேசினால் மூளை அதிர்வு

குன்றாண்டார்கோவில் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊரின் இளஞ்சிங்கம் கபடிக் குழுவுக்கு அடைக்கலம் மேனேஜர். உதயசூரியன் அந்தக் குழுவின் முதல் ரெய்டர். உறவில் அடைக்கலம் அவனுக்குத் தாய்மாமன். மாமனும் மருமகனும் தினமும் சாயங்காலம் ஒரே மைதானத்தில் நிற்கிறார்கள். ஒரு வருஷமாக ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பேசாமல் இருப்பவர்கள் எந்த ஊரில்தான் இல்லை. வரப்புத் தகராறு, பங்காளிச் சண்டை, பந்தியில் கூட்டு வைக்காமல் போனது என்று ஆளுக்கு ஒரு காரணம் இருக்கும். ஆனால் அவர்களெல்லாம் எதிரே பார்த்தால் வேறு சந்தில் திரும்பிக்கொள்ளலாம். கபடியில் அது நடக்காது. அதனால் நடுவில் கேப்டன் திருப்பதியை நிறுத்திக்கொண்டார்கள். “திருப்பதி, எடது கால முன்னுக்கு வைக்கச் சொல்லு” என்பார் அடைக்கலம். “வச்சுத்தான் இருக்குன்னு சொல்லு திருப்பதி” என்பான் உதயசூரியன், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டு. திருப்பதி இரண்டையும் அந்தந்தப் பக்கம் ஒப்படைத்துவிடுவான். ஆரம்பத்தில் பாவம், கோபத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லிப் பார்த்தான். அதுவும் ஒரு சண்டையில் முடிந்ததால், கேட்டதை அப்படியே சொல்லப் பழகிக்கொண்டான்.

விஷயம் இதுதான். அடைக்கலம் தன் மகள் கார்த்திகாவைச் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தார். அதில் யாருக்கும் மனக்குறை இல்லை. உதயசூரியனுக்கு அவளைக் கட்டிக்கொள்ளும் எண்ணமே கிடையாது. அவளுக்கும் கிடையாது. இருவரும் சின்ன வயதில் ஒருவர் தலைமயிரை ஒருவர் பிடித்து இழுத்து வளர்ந்தவர்கள். ஆனால் வெளியில் சம்பந்தம் பேசுமுன் முறைப்பையன் வீட்டுக்குப் போய், இப்படி ஓர் இடம் வந்திருக்கிறது, உங்களுக்கு எண்ணம் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாம், பிள்ளை நல்லாயிருக்கட்டும் என்பார்கள். காபி கொடுப்பார்கள். குடித்துவிட்டு வர வேண்டும். எப்படியும் வேண்டாம் என்றுதானே சொல்லப்போகிறார்கள், அதற்கு ஒரு நாளைக் கெடுப்பானேன் என்று அடைக்கலம் கேட்காமலேயே நிச்சயத்தை முடித்துவிட்டார். அந்தப் பெண்மேல் உயிரையே வைத்திருந்தவனுக்குக்கூட அப்படி ஒரு கோபம் வந்திருக்காது. உதயசூரியன் கல்யாணத்துக்கு வரவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான்.

அடைக்கலத்துக்கு அது உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. பயல் நடை பழகியது அவர் விரலைப் பிடித்து. கபடி பாடிப் போகப் பழகியதும் அவரிடம்தான். அவன் வாயால் ‘மாமா’ என்று ஒரு தரம் கேட்டுவிட்டால் போதும், கோப்பைகூட வேண்டாம் என்று இருந்தது. நீயே போய் ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று அவருடைய அக்கா, அதாவது பையனின் தாயார் மீனம்மாள், கேட்டுப் பார்த்தாள். பெரியவன் எப்படி இறங்கிப் போவது என்றார். சின்னவன் எப்படி இறங்கி வருவான் என்பதை அவர் யோசிக்கவில்லை. வீம்பு பிடித்த குடும்பம், இரண்டு பக்கமும் ஒரே ரத்தம்.

இந்தச் சமயத்தில்தான் டாக்டர் அன்புமொழி வந்து சேர்ந்தார். புதுக்கோட்டையில் வேலை பார்க்கும் இளம் டாக்டர். கபடி ஆடுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தலையில் அடிபட்டு மூளை அதிர்வு உண்டாகிறது என்று ஆராய்ச்சி செய்ய, சுற்றுவட்டாரத்தில் எட்டுக் குழுக்களைப் பிடித்தார். ஒரு பருவம் முழுக்க யார் யாருக்கு வந்தது என்று மேனேஜர்களைக் கேட்டார். வந்த பதில்களைப் பார்த்து அவருக்கே லேசாக அதிர்ந்தது.

ஒரு குழுவில் ஒருவருக்கும் வரவில்லை. பேச்சுமூச்சில்லாமல் கிடந்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போனால்தான் அங்கே அது அடி, மற்றதெல்லாம் விளையாட்டு. இன்னொரு குழுவில் வாந்தி எடுத்தால் மட்டும் சேர்த்துக்கொண்டார்கள், அதிலும் பிரியாணி சாப்பிட்ட நாட்களைக் கழித்துவிட்டார்கள். பிச்சைமுத்து என்ற மேனேஜர் இளகின மனசுக்காரர். தலையில் பட்டது என்று யார் சொன்னாலும் ஜில்லென்று ஒரு சோடா வாங்கிக் கொடுப்பார். அவர் குழுவில் ஆட்டத்துக்கு ஆட்டம் பாதிப் பேருக்கு மூளை அதிர்ந்தது, கோடையில் மீதிப் பேருக்கும் அதிர்ந்தது. அடைக்கலத்திடம் ஒரு தனி அளவுகோல் இருந்தது. விழுந்தவன் எழுந்ததும் தள்ளிவிட்டவனை வைதால் நல்லாயிருக்கிறான் என்று அர்த்தம். பேசாமல் கும்பிட்டுவிட்டு நடந்தால் வண்டியைக் கூப்பிட வேண்டியதுதான்.

இதையெல்லாம் கூட்டிச் சென்னைக்கு அனுப்பியபோது அன்புமொழியின் பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். ஓர் ஊரில் யாருக்குமே இல்லை, மூன்று மைல் தள்ளி எல்லோருக்கும் இருக்கிறது என்றால், இது என்ன தண்ணீரில் பரவுகிறதா? அன்புமொழி ஆறுதலுக்கு வெளிநாட்டு ஆராய்ச்சிகளைப் படித்துப் பார்த்தார். அங்கேயும் ஆளுக்கு ஒரு வரையறை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு கணக்கு சொல்லியிருந்தார்கள். சோடா மட்டும்தான் இல்லை.

முதலில் எல்லோருக்கும் ஒரே வரையறை வேண்டும் என்று அவர் எட்டு மேனேஜர்களையும் புதுக்கோட்டைக்கு வரச்சொல்லி ஒரு கூட்டம் போட்டார். நம் ஆட்களுக்குக் கூட்டம் என்றால் பேரம். மயக்கம் போட்டாலொழிய சேர்க்கக் கூடாது என்று ஒருவர் நின்றார். சரி, தலைசுற்றலைச் சேர்த்துக்கொள்ளுங்கள், தலைவலியை விட்டுவிடுங்கள் என்று இன்னொருவர் இறங்கி வந்தார். தலைவலி வீட்டில் பெண்டாட்டி பேசினாலும் வருமே என்று அடைக்கலம் எடுத்துக்கொடுத்தார். அன்புமொழி அசையவில்லை. தலையில் பட்டாலும் சரி, உடம்பில் பட்டுத் தலை குலுங்கினாலும் சரி, அதற்குப் பிறகு தலைவலியோ சுற்றலோ தடுமாற்றமோ குழப்பமோ எது தெரிந்தாலும் அது மூளை அதிர்வுதான், மயக்கம் வர வேண்டியதில்லை என்றார். குழப்பத்தைக் கண்டுபிடிக்க ஐந்து கேள்விகள் வைத்தார். இது எந்த ஊர் மைதானம், இது முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாக யார் பாயின்ட் எடுத்தது, போன ஆட்டம் யாரோடு, அதில் ஜெயித்தோமா. ஒன்று தப்பினாலும் அன்றைக்கு ஆட்டம் இல்லை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதையும் சொன்னார். முதல் அடியில் குலுங்கிய மூளை ஆறுமுன் இன்னொரு அடி விழுந்தால் ஆள் பிழைப்பதே கஷ்டமாகிவிடலாம். அதுவரை சளசளவென்று இருந்த கூட்டம் அதைக் கேட்டு அடங்கியது. அடைக்கலமும் அதை மறக்கவில்லை. ஆனால் அவர் அன்றைக்கு ஊருக்குத் திரும்பும்போது அவர் மனதில் முன்னால் உட்கார்ந்திருந்தது வேறு ஒன்று. பரீட்சைக்கு முன்னாலேயே கேள்வித்தாள் கைக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலையிலிருந்து இளஞ்சிங்கத்தில் ஓட்டத்துக்குப் பிறகு மனப்பாடம் நடந்தது. தலை வலிக்கிறதா என்றால் இல்லை. சுற்றுகிறதா என்றால் இல்லை. ஆட்ட நாட்களில் பதில் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், வெளியே உட்கார்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரர்கள் பாயின்ட் விழ விழ உரக்கச் சொல்ல வேண்டும், உள்ளே இருப்பவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். இதை ஏமாற்று வேலை என்று அடைக்கலம் ஒருக்காலும் நினைக்கவில்லை. பாஸாக வைப்பதற்குத்தானே வாத்தியார். உதயசூரியனுக்கு மட்டும் பாடம் திருப்பதி வழியாகப் போனது, அவன்தான் எல்லோரையும்விட வேகமாகச் சொன்னான்.

அன்னவாசலில் நடந்த போட்டியில் இளஞ்சிங்கம் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெயில் சாய்ந்த நேரம், மைதானத்தைச் சுற்றி நல்ல கூட்டம். மீனம்மாளும் வந்திருந்தாள். தம்பி பக்கமும் உட்காராமல் மகன் நிற்கிற பக்கமும் போகாமல் நடுவில் ஒரு சேரைப் போட்டுக்கொண்டாள். அன்புமொழி எல்லை ஓரத்தில் தன் பையோடு நின்றார்.

இரண்டாம் பாதி முடியும் நேரத்தில் இளஞ்சிங்கம் இரண்டு பாயின்ட் பின்னால் இருந்தது. உதயசூரியன் பாடிப் போனான். கணுக்காலில் ஒருவன் பிடி விழுந்தது. கையை நீட்டிப் பாய்ந்து கோட்டைத் தொட்டவனின் நெற்றிப்பொட்டில் இன்னொருவனின் முழங்கால் மோதியது. கூட்டமே ‘ஐயோ’ என்றது. உதயசூரியன் சற்று நேரம் மண்ணில் கிடந்தான். பிறகு தானாகவே எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டான். மோதியவனை ஒரு வார்த்தை வையவில்லை. அடைக்கலத்தின் அளவுகோலில் அது நல்லதுக்கு இல்லை.

அன்புமொழி ஓடிவந்து அவனை உட்கார வைத்தார். தலை வலிக்கிறதா என்று ஆரம்பிக்குமுன் இல்லை என்றான். அன்னவாசல், ரெண்டாம் பாதி, கடைசிப் பாயின்ட் நம்முடையது, போன ஆட்டம் பிச்சைமுத்து குழுவோடு, ஜெயித்தோம். அன்புமொழி கேட்டது மூன்று கேள்விதான், பதில் ஐந்து வந்துவிட்டது. கோட்டில் நேராக நடக்கச் சொன்னார், நடந்தான். அவருக்கு முகம் தெளியவில்லை. ஆனால் எட்டுக் குழுவுக்கும் ஒரே வரையறை என்று மேஜையைத் தட்டிச் சொன்னவர் அவர்தான். தன் சந்தேகத்துக்காக ஒருவனை மட்டும் வெளியே வைத்தால் மறுநாள் பிச்சைமுத்து, எனக்கும் சந்தேகம் என்று சோடாவோடு வந்து நிற்பார். ஆடலாம், ஆனால் கண் வைத்துக்கொண்டிருப்பேன் என்று நடுவரிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அப்போது உதயசூரியன் திரும்பி அடைக்கலத்தைப் பார்த்தான். “மாமா, அந்தத் தண்ணிய இங்கிட்டு குடுங்க” என்றான்.

திருப்பதி பழக்கதோஷத்தில் அதை அடைக்கலத்திடம் சொல்ல வாயைத் திறந்து, அப்படியே நின்றுவிட்டான். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். மீனம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, என் பிள்ளை பேசிருச்சு என்று பக்கத்தில் இருந்தவளைக் கட்டிப்பிடித்தாள். அந்தப் பெண் எதிர் ஊர்க்காரி, விஷயம் தெரியாமலே அவளும் கண் கலங்கினாள். அடைக்கலம் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். கால் தரையில் இருந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. கோப்பை எக்கேடும் கெடட்டும், அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

உதயசூரியன் தண்ணீரைக் குடித்துவிட்டு, அவர் தோளில் கிடந்த துண்டை உரிமையோடு எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டான். அவர் காதுப் பக்கம் குனிந்தான். “கார்த்திகாவ எங்க மாமா? ஆட்டம் பாக்க வரலையா?”

கார்த்திகா சிங்கப்பூருக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. அது அவனுக்குத் தெரியாததா. அதற்காகத்தானே பேசாமல் இருந்தான். அடைக்கலம் அவன் கண்ணைப் பார்த்தார். ஒரு வருஷக் கோபத்தில் ஒரு பொட்டுகூட அதில் இல்லை. கல்யாணமும் இல்லை, கேட்காமல் விட்டதும் இல்லை. யாரோ ஈரத் துணியால் பலகையைத் துடைத்த மாதிரி இருந்தது.

வேறு யார் காதிலும் அது விழவில்லை. அடைக்கலம் ஒன்றும் மகான் இல்லை. அவருக்கும் தோன்றத்தான் செய்தது. மறந்தால் மறந்துவிட்டுப் போகட்டுமே. பயல் ஆடட்டும், கோப்பை வரட்டும், வீட்டுக்கு வந்து மாமா என்று கூப்பிட்டு சாப்பிடட்டும். கேள்வி ஐந்துக்கும் பதில் சொல்லிவிட்டான், டாக்டரே சரி என்றுவிட்டார். இனி நாம் எதற்கு. உதயசூரியன் இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டு களத்தைப் பார்க்கத் திரும்பினான். எதிரே ஆறு பேர் அவனை அமுக்கத் தயாராகக் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது அடி என்று புதுக்கோட்டையில் சொன்ன வார்த்தை அடைக்கலத்தின் காதில் மறுபடி கேட்டது. அவர் மருமகனின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார்.

“டாக்டர், இவன் எங்கூட பேசுறான்.”

“நல்லதுதானே ஐயா?”

“நல்லதில்லைங்க. சுயநினைவுல இருந்தா பேசமாட்டான்.”

பிறகு கார்த்திகா விஷயத்தைச் சொன்னார். அத்தோடு, தலையைக் குனிந்துகொண்டு, ஐந்து கேள்வியும் மனப்பாடம் என்பதையும் சொன்னார். அன்புமொழிக்கு வந்த கோபத்தில் அடைக்கலத்துக்கே ஒரு மூளை அதிர்வு விழுந்திருக்கும். ஆனால் திட்டுவதற்கு நேரம் இல்லை. உதயசூரியனைக் களத்திலிருந்து எடுத்து, வண்டி வரச்சொல்லிவிட்டார்.

இளஞ்சிங்கம் தோற்றது. கூட்டத்துக்கு நியாயம் புரியவில்லை. மருமகன் மரியாதையாகப் பேசினான் என்பதற்காக அவனை ஆட்டத்தைவிட்டு எடுத்த மேனேஜர் இந்த உலகத்தில் உண்டா என்று கைதட்டிச் சிரித்தார்கள். மீனம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருஷம் பேசவில்லை பேசவில்லை என்று அழுதாய், பேசினதும் பைத்தியம் என்கிறாயா என்று தம்பியை எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டாள். அவர் வண்டியில் ஏறி மருமகன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

புதுக்கோட்டை போகிற வழியெல்லாம் உதயசூரியன் அவர் கையை விடவில்லை. மாமா, கார்த்திகா வரலையா என்று கேட்பான். அது சிங்கப்பூரில் இருக்குடா என்பார். அப்படியா என்று ஆச்சரியப்பட்டுவிட்டு, கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்பான். முத்துடையான்பட்டி தாண்டுவதற்குள் அடைக்கலம் தன் மகள் கல்யாணத்தைப் பல தடவை அறிவித்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் பையன் முகம் கோணாமல் சந்தோஷம் மாமா என்றான். ஊசி குத்துவதைப் போல இருந்தது. வைதிருந்தால்கூடத் தேவலை.

ஸ்கேனில் ரத்தக்கசிவு ஏதும் இல்லை. போனைத் தொடாமல், ஓடாமல், வெளிச்சத்தைப் பார்க்காமல் வீட்டில் கிடக்க வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அன்புமொழிக்குத்தான் தலைவலி ஆரம்பித்தது. எழுதி வைத்த வரையறைப்படி ஐந்து கேள்வி முடிந்த நிமிஷத்தில் உதயசூரியனுக்கு ஒன்றும் இல்லை, உண்மையில் இருந்தது. மாமா என்று கூப்பிட்டால் மூளை அதிர்வு என்று எழுதினால் பேராசிரியர் இவரையே ஸ்கேன் எடுக்கச் சொல்வார். அது மட்டுமில்லை, தமிழ்நாட்டில் பாதி ஆண்கள் தினமும் அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டு, கடைசியில் வரையறையில் ஒரு வரி சேர்த்தார். ஆளை நன்றாக அறிந்தவர் கண்ணுக்கு அவர் நடத்தையில் மாற்றம் தெரிந்தால் அதுவும் கணக்கு, எட்டுக் குழுவுக்கும். கேள்விகளை ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றிவிட்டார். அவை என்னவென்று அடைக்கலத்துக்குச் சொல்லவில்லை.

ஆனால் அடைக்கலத்துக்கு ஒரு வேலை கொடுத்தார். தினமும் போய்ப் பையனைப் பார்த்து, பழைய ஆளாக இருக்கிறானா என்று போனில் சொல்ல வேண்டும். அப்படித்தான் ஒரு வருஷமாக மிதிக்காத அக்கா வீட்டு வாசலை அவர் மிதித்தார். முதல் நாள் வாங்க மாமா என்றான். தெளியலைங்க டாக்டர் என்று சொன்னார். மறுநாளும் மாமா என்றான், சோறு ஊட்டச் சொன்னான். இன்னும் மோசம் என்று சொன்னார். அப்படிச் சொல்லிவிட்டு அக்காவுக்குத் தெரியாமல் கொல்லைப்பக்கம் போய் அழுதார். அவன் ஊட்டச் சொன்னது அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது, அது போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் ஒரு காலையில் இளநீர்க் குலையோடு உள்ளே போனார். உதயசூரியன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவரைப் பார்த்தான். பார்வை முகத்தில் நின்றது, பிறகு சுவர்ப்பக்கம் திரும்பியது. “அம்மா, யாரோ வந்திருக்காக. என்ன வேணும்னு கேளு” என்றான்.

மீனம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அடைக்கலம் குலையை வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து போனைப் போட்டார். பையன் தெளிஞ்சுட்டாங்க டாக்டர் என்றார். எப்படிச் சொல்கிறீர்கள் என்று அன்புமொழி கேட்டார். முகத்தைத் திருப்பிக்கிட்டான் என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. நல்ல செய்திதான் ஐயா என்று டாக்டர் மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டார்.

செருப்பைத் தேடிக் காலை நுழைத்துக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. திருப்பதி இல்லை, அம்மாவைக் கூப்பிடவில்லை, சுவரைப் பார்த்தபடி நேராகவே வந்தது.

“ஆட்டத்துல இருந்து எடுக்கையிலயாச்சும் என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல.”

மாமா என்ற சொல் அதில் இல்லை. குரலில் ஒரு வருஷத்துக் கோபமும் மொத்தமாக இருந்தது. அடைக்கலம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“கேட்டிருக்கணும்டா. ரெண்டுக்கும் கேட்டிருக்கணும்.”

உதயசூரியன் அவரைப் போகச் சொல்லவில்லை. எழுந்தும் போகவில்லை. மீனம்மாள் மகனையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மறுபடியும் பேசுகிறானே, டாக்டருக்குப் போன் போடவா என்று தம்பியின் காதில் கேட்டாள்.

“வேணாம்க்கா” என்றார் அடைக்கலம். “இது அவனேதான் பேசுறான்.”